காவல் நாயை ஒப்படைக்கும் முன்

தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடக்கப் புறப்படும் காலையில்தான் பட்டி நாயைப் பக்கத்துக் கொல்லையில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் புதுக்கோட்டைப் பக்கம் உண்டு. இது சரியல்ல. நகரத்து நாய் விடுதிகளில் முதலில் தடுப்பூசிச் சான்றைக் கேட்பார்கள். சிறு விவசாயிக்கு அண்டை வீட்டுக் கொட்டகைதான் விடுதி. அங்கும் சிறுவர்களும் ஆடுகளும் இருப்பதால் அதே கண்டிப்பு தேவை. வெறிநோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. முதல் தடுப்பூசி பலன் தர மூன்று, நான்கு வாரமாகும். ஆகவே மார்கழியிலேயே கால்நடை மருந்தகத்தில் போட்டுவிட வேண்டும்.

புது இடத்தில் நாய் முதல் இரவு உண்ணாது, கயிற்றைக் கடித்து ஓடப் பார்க்கும். முன்னதாக இரண்டு பகலும் ஓர் இரவும் விட்டுப் பழக்குவது நல்லது. அது படுக்கும் சாக்கையும் கூடவே கொடுக்கலாம். பழைய சோறு தின்று வளர்ந்த நாய்க்கு உபசாரமாகக் கறி போட்டால் வயிறு கழியும். இதைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பருவத்திலுள்ள பெட்டையானால், கொட்டகைக்குக் கதவு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.