அணைப்பது யாருடைய விளக்கை?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். 2023இல் கோலாலம்பூருக்கு கோல்ட்பிளே இசைக்குழு வந்தது பின்னே, சுவிட்ச் வந்தது முன்னே. மேடையில் ஏதாவது ஏடாகூடமாக நடந்தால் அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டிக்க ஏற்பாட்டாளர்கள் ‘கில் சுவிட்ச்’ ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மலேசிய மக்களவையில் அறிவித்தார்கள். நவம்பர் 22ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் அது தயாராக இருக்கும் என்றார்கள். கேட்டவுடன் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்து முடித்தபின் வருவது எரிச்சல்.

சுவிட்சையே முதலில் பார்ப்போம். அந்த உலகச் சுற்றுப்பயணத்துக்கென்று கோல்ட்பிளே, பிஎம்டபிள்யூ நிறுவனத்தோடு சேர்ந்து மின்கார் பேட்டரிகளால் ஒரு மின்கலத்தையே செய்து ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தது. ரசிகர்கள் மிதிவண்டி மிதித்தும் தரையில் குதித்தும் மின்சாரம் எடுக்க ஏற்பாடு வேறு. எந்த வயரைப் பிடுங்குவது? மிதிக்கிறவரை ஓடிப்போய்ச் சைக்கிளை விட்டு இறக்குவார்களா? வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கில் மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் கூட்டம் எந்த வாசலை நோக்கி நெரியும்? 2021இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழா நெரிசலில் 10 பேர் மாண்டார்கள். ஒரு நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்கள் சொல்லும் முறை எளியது: பாட்டை நிறுத்து, கூட்டத்தின் பக்கம் விளக்கைப் போடு, மைக்கில் நிதானமாகப் பேசு. பின்னிரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

போகட்டும். உண்மையான கோபம் இந்த சுவிட்சின் மேல் அல்ல, இது பிறந்த நாளின் மேல். 2023 ஜூலை 22, சனிக்கிழமை.

முந்தைய இரவு சிப்பாங்கில் ஒரு மூன்று நாள் இசை விழாவில் நடந்தது ஊரறிந்த கதை. தி 1975 என்ற ஆங்கிலக் குழுவின் மேட்டி ஹீலி, நாட்டின் ஓரினச்சேர்க்கை எதிர்ப்புச் சட்டங்களை மேடையிலேயே வசைபாடினார், சக ஆண் இசைஞரை முத்தமிட்டார், நிகழ்ச்சி பாதியில் முடிந்தது. விருந்துக்கு வந்த வீட்டில் அப்படி நடந்துகொண்டவருக்காக வக்காலத்து வாங்க இங்கே எவரும் இல்லை. அவர் யாருக்காகப் பேசுவதாகச் சொன்னாரோ அவர்களில் பலரே, வம்பை இழுத்து எங்கள் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நொந்துகொண்டார்கள். அந்தக் குழுவை இனி இங்கே ஆடவிடுவதில்லை என்றார்கள். அதோடு நின்றிருந்தால் பேச்சே இல்லை. மறுநாள் பிற்பகல் 1.20க்கு உத்தரவு வந்தது: மிச்சமிருக்கும் 2 நாள் விழாவும் உடனே ரத்து.

பிற்பகல் 1.20! அன்றைய மேடைக்கு ஒலி சரிபார்க்கும் நேரம். ஐஸ் பெட்டிகள் நிரம்பிவிட்ட நேரம். ஜொகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸிலும் கூட்டாக எடுத்த காரிலும் வழியில் இருந்திருப்பார்கள். தி ஸ்ட்ரோக்ஸ் போன்ற பெரிய குழுக்களுக்கு ஒரு ரத்து என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. மேலாளர் பார்த்துக்கொள்வார், அடுத்த விமானம் இருக்கிறது. தி 1975கூட ஜகார்த்தாவையும் தைப்பேயையும் கைவிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தது. சனி ஞாயிறுக்குக் காத்திருந்த உள்ளூர்க் குழுக்கள் எங்கே போகும்?

ஒரு சிறு குழு இப்படி ஒரு மேடைக்கு எப்படித் தயாராகிறது என்பது அந்தக் கூட்டத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். நாலு பேரில் இருவர் அலுவலகம் போகிறவர்கள், ஒருவர் பகுதிநேர ஆசிரியர், இன்னொருவர் உணவு விநியோக மோட்டார் ஓட்டுகிறவர். வேலை முடிந்து இரவு பத்துக்கு மேல் ஜாமிங் ஸ்டூடியோவில் கூடுவார்கள். மணிக்கு இத்தனை வெள்ளி என்று வாடகை. சுவரில் முட்டைத்தட்டு ஒட்டிய அறை, ஒரு பக்கம் மட்டும் ஓடும் ஏர்கோன். அரை மணி நேர மேடைக்கு ரெண்டு மாதப் பயிற்சி. அதற்கு மேல் கைக்காசு போட்டு டி-ஷர்ட் அச்சடிப்பார்கள், நூறோ நூற்றைம்பதோ. பாட்டு எந்தத் தளத்தில் எத்தனை முறை ஓடினாலும் கைக்கு வருவது சில்லறை. பெட்ரோல் காசு வருவது அந்த டி-ஷர்ட்டிலிருந்துதான். முதுகில் விழாவின் பெயரும் தேதியும் அச்சிட்ட சட்டையை நடக்காத விழாவுக்குப் பிறகு யார் வாங்குவது?

அவர்கள் யாரையும் வசைபாடவில்லை. யாரையும் முத்தமிடவில்லை. மைக்கைத் தொடவே இல்லை.

விழா நடத்தியவர்கள் ஆகஸ்டில் அந்த ஆங்கிலக் குழுவிடம் 1 கோடியே 23 லட்சம் வெள்ளி இழப்பீடு கேட்டார்கள். கிடைக்கும்போது கிடைக்கட்டும். உத்தரவு போட்ட அதிகார மேசைக்கு யார் வக்கீல் கடிதம் அனுப்புவது? ஒருவர் செய்த தப்புக்கு மூன்று நாள் விழாவையே இழுத்து மூடியது தவறு என்று அந்த மேசையிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வந்து சேர்ந்தது சுவிட்ச். அதாவது ஜூலையில் செய்ததை அடுத்த முறை இன்னும் வேகமாகச் செய்து காட்டுவார்களாம். 1.20 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சுவிட்சின் அடி நட்சத்திரங்கள்மேல் விழாது. புக்கிட் ஜாலிலை நிரப்பும் குழுவுக்கு நாலு வக்கீலும் ஒரு காப்புறுதிப் பத்திரமும் உண்டு. நடுத்தர ஏற்பாட்டாளர்தான் பயப்படுவார். பயந்தவர் முதலில் வெட்டுவது செலவை, செலவில் முதலில் வெட்டுப்படுவது பெரிய குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசிக்கும் உள்ளூர்ப் பையன்களை. பெட்டாலிங் ஜெயாவிலும் கம்போங் அத்தாப்பிலும் கடைவீட்டு மாடிகளில் வளர்ந்துவரும் இசைக்கு இருக்கிற ஏணியே அதுதான். ஷோங்ஷான் கட்டடத்தின் தண்டாங் இசைத்தட்டுக் கடையில் உள்ளூர் பங்க் கேசட்டைப் புரட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கும், அம்கோர்ப் மாலின் வாராந்தரப் பழைய பொருள் சந்தையிலும் ‘பண்டல்’ எனும் பழைய துணிக் கடைகளிலும் வெளுத்த இசைக்குழுச் சட்டையைப் பேரம் பேசி வாங்குகிறவர்களுக்கும் அந்த ஏணியின் முதல் படி எங்கே இருக்கிறதென்று தெரியும். மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

இந்த ஊர் இசை வெளியே போன கதைகள் உண்டு. மைஸ்பேஸில் தானே எழுதிய பாட்டுகளைப் போட்டுத் தொடங்கிய மலேசியப் பாடகி யுனாதான் 2016இல் அமெரிக்கப் பாடகர் அஷரோடு பாடினார். 1998இல் பொயட்டிக் அம்மோ என்ற உள்ளூர் ராப் குழு ஆங்கிலமும் மலாயும் தமிழும் கண்டோனீஸும் கலந்து முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதே குழுவின் யோகி பி, நட்சத்ராவோடு 2006இல் ‘வல்லவன்’ தந்தார். தமிழ் ராப் என்று ஒன்று உண்டா என்று சென்னை யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள், பத்து ஆண்டு கழித்து ‘விவேகம்’ படத்துக்கும். கோடம்பாக்கம் தேடி வந்த குரல் இந்த ஊரின் சிறு மேடைகளில் முற்றியது. அப்போது எவர் கையிலும் சுவிட்ச் இல்லை என்று சொல்லலாமா என்றால், அதுவும் முடியாது. வேறு கருவிகள் இருந்தன.

கத்தரிக்கோல், உதாரணத்துக்கு. 1992இல் நீளமுடி ராக் பாடகர்களுக்குத் தொலைக்காட்சியில் இடமில்லை என்றார்கள். சர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் நாடே பார்க்க முடி வெட்டிக்கொண்டார்கள். கத்தரி பிடித்தவர் நாவிதர் அல்ல, அமைச்சர். 2001இல் மெகாடெத் குழுவின் எலும்புக்கூட்டுச் சின்னம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று தடை. 2003இல் லிங்கின் பார்க் அரைக்கால் சட்டை போடாமல் ஆட வேண்டியிருந்தது. 2007இல் க்வென் ஸ்டெஃபானி கழுத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டு பாடினார். பியோன்சே அந்த ஆண்டு வரவே இல்லை. 2012இல் எரிக்கா பாடுவுக்குத் தடை, ஒரு புகைப்படத்தில் தோளில் இருந்த எழுத்துக்காக. 2013இல் கேஷாவுக்கு, கடைசி நேரத்தில்.

இவை வெளியூர்ப் பெயர்கள், செய்தியில் வந்தன. உள்ளூர்ப் பிள்ளைகள் பட்டதுதான் பெரிய பாடு. 2005 டிசம்பர் 31 இரவு பழைய கிள்ளான் சாலையில் பால்ஸ் பிளேஸ் என்ற இடத்தில் புத்தாண்டு நிகழ்ச்சிக்குப் போன ஏறத்தாழ 380 இளையர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ‘பிளாக் மெட்டல்’ கூட்டம் என்று மறுநாள் பத்திரிகைகள் அலறின. குற்றத்தின் அடையாளம் கறுப்பு டி-ஷர்ட். கறுப்புச் சட்டை போட்ட பிள்ளையைத் தாய் சந்தேகத்தோடு பார்த்த மாதங்கள் அவை. 2015 ஆகஸ்டில், தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே பேரணிக்கு முந்தைய இரவு, அம்பாங் பக்கம் ருமா அப்பி என்ற பங்க் கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். 2022இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஒரு நகைச்சுவை மன்றம்: திறந்த மேடையில் ஏறிய ஒரு பெண் செய்த காரியத்துக்கு மன்றத்தின் உரிமமே பறிபோனது, நடத்தியவர்கள் கோலாலம்பூரில் இனித் தொழில் பதிய முடியாதபடி கறுப்புப் பட்டியலில் சேர்ந்தார்கள். செய்தவர் ஒருவர், மூடப்பட்டது வீடு. அடுத்த ஆண்டு சிப்பாங்கில் நடந்தது இதன் பெரிய பதிப்பு.

ஆட்சி எத்தனையோ மாறிவிட்டது. மேசை மாறவில்லை. 2023 மே மாதம் அதே கண்கள் கைக்கடிகாரத்தின் மேலும் விழுந்தன: வானவில் நிறம் என்று ஸ்வாட்ச் கடைகளில் 172 கடிகாரங்களை வாரிக்கொண்டு போனார்கள். ஆகஸ்டில் அதைக் கட்டினால் மூன்று ஆண்டுவரை சிறை என்றார்கள். சட்டை, முடி, தோள் எழுத்து, கடிகாரம். இளையர் உடம்பில் இனி எந்த இடம் பாக்கி?

அங்கே சிங்கப்பூரில் 2024 ஜனவரியில் கோல்ட்பிளேக்கு 6 இரவு, மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கு 6 இரவு. கோலாலம்பூருக்கு ஒரே இரவு, ஒரு சுவிட்ச். பாலத்தைத் தாண்டி அங்கே போய்க் காசு கொட்டியது இந்த ஊர்ப் பிள்ளைகள். போக முடிந்தவர்கள் போனார்கள். கடைவீட்டு மாடிக் குழுவுக்கு ஜொகூர் பாலம் எதற்கு?

மேடை நிகழ்ச்சிகளுக்கான இந்த விதிகளை யாராவது உட்கார்ந்து முதலிலிருந்து எழுத வேண்டும். எழுதும்போது ஒரு முறையாவது மேடையில் வயர் சுற்றிய கை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். தப்பு செய்தவர் வேறு, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் வேறு என்கிற அளவுக்காவது அது தெளிவாக வேண்டும். எப்படிச் செய்வார்களோ, செய்ய வேண்டும்.

நவம்பர் 22ஆம் தேதி கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டின் பாடிவிட்டுப் போனார். சுவிட்சைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை.  ஜூலை 22 என்று முதுகில் அச்சிட்ட சட்டைகள் அப்போதும் யாரோ ஒரு டிரம்மரின் வீட்டுக் கட்டிலடியில் அட்டைப்பெட்டியோடு கிடந்திருக்கும்.