கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

பக்கவாதம் வந்தவரைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும், பணி மருத்துவர் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?” கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மருமகள் காலை ஆறரை என்பார். மகன் தயங்கித் தயங்கி, “இல்ல சார், ராத்திரி சாப்பிடறப்பவே நாக்கு குழறுச்சு, தூக்கக் கலக்கம்னு விட்டுட்டோம்” என்பார். மருத்துவரின் முகம் மாறுவது அப்போதுதான்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாவிட்டால், கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அந்த ஊசி பலன் தரும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது 1995இல். முப்பது வருஷம் ஓடிவிட்டது. நம் தெருக்களில் இன்னும் “வாதம் அடிச்சிடுச்சு, இனி என்ன செய்ய?” என்றுதான் பேச்சு.

ஸ்ரீரங்கம் தீவுதான், தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஆனாலும் ராஜகோபுரத்திலிருந்து மாம்பழச்சாலை வந்து, பாலம் தாண்டி, சத்திரம் வழியாகப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போக ஆறேழு கிலோமீட்டர்தான். துறையூர்க்காரரும் தொட்டியத்துக்காரரும் தூரத்தைக் காரணம் சொல்லலாம். சித்திரை வீதிக்காரர் சொல்ல முடியாது. பிறகு அந்த நாலரை மணி நேரத்தைத் தின்றது யார்? அதைச் சொல்லாமல் பழியை விதியின் தலையில் போட நமக்குச் சம்மதமில்லை.

முதலில் வீடு. ஒரு காலை வேளையை நினைத்துப் பாருங்கள். தெருப் பெயரை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அம்மா வலது கையால் டம்ளரை எடுக்கிறார். அது டபரா விளிம்பில் இடித்துக் காபி புடவையில் கொட்டுகிறது. குடித்த வாயும் உதட்டோரம் வழிகிறது. அது அவருக்கே தெரியவில்லை. “பித்தமா இருக்கும், கொஞ்சம் படுத்துக்கோம்மா” என்று தலையணை வருகிறது. எதிர்வீட்டு மாமா வாயு என்கிறார், இஞ்சிச்சாறு வருகிறது. விழுங்க மறந்த தொண்டையில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். இன்னொருவர் பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார். அழுத்தம் சட்டென்று சரிந்தால் மூளைக்கு மிஞ்சியிருக்கும் ரத்தமும் போய்ச் சேராது. ஆஸ்பிரின் கொடு என்கிறார் மூன்றாமவர். பக்கவாதத்தில் ஐந்தில் நாலு பங்கு அடைப்பு. மிச்சம், குழாய் வெடித்து ரத்தம் கசிவது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்தக் கைராசி வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கசிகிறவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த வீட்டை நாம் கூண்டில் ஏற்றவில்லை. தெரியாமல் செய்தார்கள், பாசத்தில் செய்தார்கள். ஆனால் விளங்காத கைக்குப் புறா ரத்தம் தடவக் காசு வாங்குகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கூண்டில் ஏற வேண்டியவர் அடுத்தவர். ஸ்கேன் இல்லை, நரம்பியல் மருத்துவர் இல்லை, அந்த ஊசியும் இல்லை. எல்லாம் தெரிந்தும் நோயாளியைப் படுக்கையில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, “சாயந்திரம் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார்” என்று உட்கார வைக்கும் இடம். மறுநாள் நினைவு தப்பியதும், “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க” என்று கையில் ஒரு சீட்டு, சீட்டோடு பில். நாலரை மணி நேரக் கணக்கு தெரியாது என்று இவர்களால் சொல்ல முடியாது. படித்த படிப்பிலேயே அது இருக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று நாம் எழுத மாட்டோம். களவு என்றே எழுதுவோம். போனது பொருள் என்றால் திரும்பச் சம்பாதிக்கலாம். இங்கே போனது ஒரு பெண்மணியின் வலது கையும் பேச்சும்.

சின்ன ஆஸ்பத்திரியாலும் முடியும். சர்க்கரை குறைந்தாலும் வாய் குழறும், ஆகவே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது, நேரத்தைக் கொட்டை எழுத்தில் சீட்டில் எழுதுவது, ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போன் செய்துவிட்டு 108இல் ஏற்றிவிடுவது. பத்து நிமிட வேலை. சத்தமில்லாமல் இதைச் செய்கிற மருத்துவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதில் பில் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நேரம் சாகிறது, சம்மதக் கையெழுத்தில். பெங்களூர் அண்ணனைக் கேட்க வேண்டும், அவர் மீட்டிங்கில் இருக்கிறார். ஊசியில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை: 1995 ஆய்வில் அதைப் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. அதே ஆய்வில், மூன்று மாதம் கழித்து ஊனமே இல்லாமலோ சொற்ப ஊனத்தோடோ நடமாடும் வாய்ப்பு 30 சதவீதமாவது கூடியது. இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம், அது உரிமை. ஒன்றும் சொல்லாமல் முக்கால் மணி நேரம் நடையில் நிற்பது உரிமையில் சேராது. பெரிய குழாய் அடைப்பென்றால் தொடை வழியே கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் வழியும் உண்டு. அதற்கு ஆறு மணி நேரம். 2018 ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை.

அரசுக்கும் ஒரு வார்த்தை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் திட்டம் வந்தது. பணம் எங்கே, அட்டை எங்கே என்று கேட்காமல் உள்ளே எடுக்கிறார்கள். நல்ல காரியம். அதே அவசரத்தோடு அதே வாசலுக்கு வரும் பக்கவாதக்காரருக்கும், அது தனியார் வாசலாக இருந்தாலும், ஏன் இந்த ஏற்பாடு கூடாது? தெருவில் விழுந்தால் ஒரு நியாயம், சமையலறையில் விழுந்தால் ஒரு நியாயம் என்பது சரியில்லை. ஸ்கேன் இல்லாத இடம் பக்கவாத நோயாளியைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்கும் தடை வேண்டும். நோயாளிக்கு இடம் ஒதுக்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்றைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு பேசுகிறது. தன்வந்திரி சன்னிதியில் கை கூப்பிவிட்டு வரும் நமக்கு அது ஞாபகத்தில் இருப்பதில்லை.

இனி நம்மிடமே வருவோம். இந்த நோய்க்குத் தலையாய காரணம் ரத்தக் கொதிப்பு. பின்னால் வரிசையாகச் சர்க்கரை, புகை, குடி, கொழுப்பு, தாளம் தப்பும் இதயத் துடிப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் கொதிப்பு மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலிலிருந்து வாய்க்குத்தான் போகவில்லை. “இப்ப நார்மல்னு சொல்லிட்டாங்க, நிறுத்திட்டேன்” என்பவரை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மாத்திரையால்தான் அது நார்மலாக இருக்கிறது, ஐயா. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசலில் மார்கழிக் குளிரில் விடிய விடிய நிற்கிறவர்களில் எத்தனை பேர் உபவாசம் என்று அன்றைய மாத்திரையையும் சேர்த்து விட்டிருப்பார்கள்? பெருமாள் விடச் சொன்னதாக எந்த ஆசாரியரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

பத்து நிமிடம் கை மரத்து, வாய் குழறி, தானே சரியாகிப் போனவர்தான் நமக்கு அதிகக் கவலை. அவர் அன்று மாலையே அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பெரிய அடி விழும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது அடுத்த சில நாட்களில்தான். கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர் அவரை அன்றைக்கே ஸ்கேனுக்கு அழைத்துப்போக வேண்டும். முழுதாக விழுந்துவிட்டவருக்கு 108ஐக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது இவ்வளவே: “வாய் கோணுது, ஒரு கையைத் தூக்க வரலை, பேச்சு குழறுது. ஆறரை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்க. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”