பணம் கட்டி ஆடும் கேமுக்குத் தடை. பிள்ளை ஆடும் கேமுக்கு?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது பாலவனத்தம். திருச்சுழி வரை பரந்து கிடக்கும் மானாவாரிப் பூமி. மில் ஷிஃப்ட், தறி, காட்டு வேலை என்று பெற்றோர் ஓடும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஸ்மார்ட்போன்தான். அதை நன்றாக இயக்கத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை. "ஜிபேல மாமாவுக்கு ஐந்நூறு போட்டு விடுய்யா" என்று சொல்லும்போதே யுபிஐ பின் நம்பரும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே போனில்தான் கேமும் இருக்கிறது.

சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பணம் வைத்து ஆடக் கூடாது என்றன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாருக்கும் அனுமதி இல்லை. இந்த விதிகள் செல்லும் என்று 2025 ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்து, நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த அந்தச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை மொத்தமாகத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

அப்படியானால் கவலை தீர்ந்ததா?

இல்லை. பிள்ளைகள் அதிகம் ஆடுவது ரம்மி அல்ல; ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள். இவற்றில் பந்தயம் கட்டிப் பணம் ஜெயிக்க முடியாது. ஆனால் 'டைமண்ட்', 'யுசி' என்று டாப்-அப் செய்து துப்பாக்கித் தோற்றமும் உடையும் வாங்கலாம். அந்தச் செலவு தடைக்குள் வராது.

தடை மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022-ல் நீக்கப்பட்டு, 2023-ல் திரும்பியது. அப்போது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் அப்பாவின் போனில் அப்பாவின் வயதைப் போட்டு ஆடும் பிள்ளைக்கு இந்த வரம்பு பொருந்துமா?

வீட்டில் என்ன செய்யலாம்?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

● யுபிஐ பின்னை மாற்றுங்கள். அம்மாவுக்கே பழக்கிக் கொடுங்கள். யுபிஐ லைட் இருந்தால் 1,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போகும். தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

● ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

● பிள்ளைக்குத் தனி போன் இருந்தால் கூகுள் ஃபேமிலி லிங்க் மூலம் நேர வரம்பு வைக்கலாம். இது இலவசம்.

● கேமில் வாய்ஸ் சாட்டை அணையுங்கள். 'டைமண்ட் ஃப்ரீ' என்று லிங்க் அனுப்புபவர், ஐடி பாஸ்வேர்டு கேட்பவர், போட்டோ கேட்பவர் யாராக இருந்தாலும் வீட்டில் சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடம் பேசிவையுங்கள்.

பணம் போய்விட்டால்?

முதலில் அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து மறைக்கும் பிள்ளைதான் அடுத்த தொகையையும் இழக்கிறது. ப்ளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம். மோசடி என்றால் உடனே 1930. யாராவது பிள்ளையை மிரட்டினால் 1098.

தூக்கம், படிப்பு, சாப்பாடு எல்லாம் கெட்டும் கேமை விட முடியவில்லை என்றால் அதை வெறும் திமிர் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பு இதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

போனைப் பிடுங்குவது சுலபம். ஆனால் நாளைக்கு ஜிபே போட அதே பிள்ளையைத்தான் கூப்பிடுவோம் என்றால், பிடுங்கியதில் பயன் இல்லை.