விளக்கீடும் விசாரணையும்

செல்வச்சந்நிதி முருகன் உறையும் தொண்டைமானாற்றில் கார்த்திகை விளக்கீடு வீட்டுக்கு வீடு நிகழ்வது. படலையடியில் வாழைக்குற்றி நாட்டி, சிரட்டையில் தீபமேற்றுவர். வாசற்படி, கிணற்றடியெங்கும் சிட்டிகள் எரியும். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதாகி, குடாநாடே ஜாம்போத்தல் விளக்கில் இரவுகளைக் கழித்தது. அக்காலத்தையும் கடந்து வந்த வழக்கம் இது.

2020இல் விளக்கீடு நவம்பர் 29ஆம் திகதி வந்தது. நாளைக் குறிப்பது கார்த்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும். ஆனால் நவம்பர் 27 மாவீரர் நாளாயிற்றே! யாழ்ப்பாணத்தில் விளக்கேற்றியோர் தடுக்கப்பட்டனர். சந்தேகம் பிடித்தவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை போலும்.

முற்றத்துச் சுடர் முருகனுக்கா, திரும்பிவராத பிள்ளைக்கா, இருவருக்குமா என்பது ஏற்றிய தாயின் நெஞ்சுக்குத் தெரியும். அதைப் படலையில் நின்று விசாரிக்கும் அதிகாரத்தைச் சீருடைக்கு வழங்கியது யார்?