தாம்பரம் – செங்கல்பட்டு: முடிவெடுக்க அரை மணி நேரம்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனிகளுள் ஒன்று இரத்தக்கட்டியால் அடைபட்டு, அதை நம்பியிருக்கும் தசைப்பகுதி பிராணவாயு இன்றி மடியத் தொடங்கும் நிலையே மாரடைப்பு எனப்படுகிறது. திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல் அது எல்லா உடலிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவைக்கும் வலியாக வருவதில்லை. தாடை வலியாகவும், தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகு வலியாகவும், மேல்வயிற்று எரிச்சலாகவும், குமட்டலாகவும், மூச்சிரைப்பாகவும், எழுந்து நிற்க முடியாத அசதியாகவும் வரக்கூடும். வீட்டில் இருக்கும்போதே குழப்பக்கூடிய இந்த அறிகுறிகள் பயணத்தில் கூடுதல் ஆபத்தாகின்றன; ஏனெனில் இவை ஒவ்வொன்றுக்கும் பயணம் நம்பத்தக்க ஒரு சமாதானத்தைத் தயாராக வைத்திருக்கிறது.

தாம்பரத்திலிருந்து தென்மாவட்டத்துக்குப் புறப்படும் எந்தக் குடும்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலப் படிகளில் ஏறியதால் மூச்சு வாங்குகிறது. சென்னைப் புழுக்கத்தில் வியர்க்கிறது. முந்தைய இரவு தூக்கம் கெட்டதால் அசதியாக இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறியவருக்கு வயிற்றைப் புரட்டினால் பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். மேல்வயிற்று எரிச்சலின் பழி விக்கிரவாண்டிச் சாலையோர உணவகத்துப் பரோட்டாவின் மீதும், முதுகுவலியின் பழி சாயாத இருக்கையின் மீதும் விழுகின்றன. இந்தச் சமாதானங்கள் பெரும்பாலான நேரங்களில் உண்மையாகவே இருப்பதுதான் சிக்கல். இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘கேஸ்’ என்ற சொல் வேறு கைவசம் இருக்கிறது. ஓமத் திரவம், சோடா, ஜெலுசில் என்று அடுத்தடுத்து முயன்று பார்ப்பதிலேயே சிகிச்சைக்கு மிக உகந்த முதல் ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. ஏப்பம் விட்டதும் சற்று இலேசானதாகத் தோன்றுவது வாயுத் தொல்லைதான் என்பதற்குச் சான்றாகாது. அடைபட்ட தமனி சிறிது நேரம் திறந்து மீண்டும் அடைபடுவதும், அதற்கேற்ப வலி தணிந்து திரும்புவதும் உண்டு.

உடலியல் இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. இதயத்திலிருந்து வலியுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் நுழையும் மட்டங்களிலேயே மார்பு, கை, மேல்முதுகு ஆகியவற்றின் நரம்பிழைகளும் நுழைவதால், தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் செய்திகளுக்கே பழகிய மூளை, வலியின் பிறப்பிடத்தைத் தவறாகக் குறித்துக்கொள்கிறது. இதனை இடம்மாறி உணரப்படும் வலி என்பர். இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அங்கே வேகஸ் நரம்பின் இழைகளும் மிகுதி. ஆகவே அப்பகுதியில் நேரும் மாரடைப்பு, வாந்தியும் மேல்வயிற்று வலியுமாக வந்து இரைப்பைக் கோளாறு போல் நடிக்கிறது. பல்லாண்டு நீரிழிவுள்ளவர்களிடம் உள்ளுறுப்புகளின் உணர்வைக் கடத்தும் தன்னியக்க நரம்புகள் பழுதடைந்திருப்பதால், வலியே எழாமலும் போகலாம்.

அமெரிக்காவின் தேசிய மாரடைப்புப் பதிவேட்டை வைத்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 4,34,877 நோயாளிகளுள் மூவரில் ஒருவர் நெஞ்சுவலி இல்லாமலேயே மருத்துவமனைக்கு வந்திருந்தார். முதியோர், பெண்கள், நீரிழிவுள்ளோர் ஆகியோரின் விகிதம் இவர்களிடையே கூடுதலாக இருந்தது. வலியுள்ளவர்கள் சராசரியாக 5.3 மணி நேரத்தில் வந்துசேர, இவர்கள் வந்துசேர 7.9 மணி நேரம் ஆயிற்று. மருத்துவமனையிலேயே இறந்தோர் வலியுள்ளவர்களில் 9.3 விழுக்காடு, இவர்களில் 23.3 விழுக்காடு. இந்த வேறுபாடு முழுவதையும் தாமதத்தின் தலையில் ஏற்ற முடியாது, வயதுக்கும் உடன்நோய்களுக்கும் அதில் பங்குண்டு. எனினும் அடையாளம் காணப்படாத நோய்க்கு உரிய சிகிச்சையும் கிடைக்காமல் போகிறது என்பதை அதே ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டுக்கு இது அயலான செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, இம்மாநிலத்தில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், பிற நாட்டினருக்கு 58.8 வயதிலும் வருவதாக 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வு கண்டறிந்திருப்பதால், ‘ஐம்பதுதானே ஆகிறது’ என்ற ஆறுதலுக்கும் இங்கு இடமில்லை.

ஆகவே, ‘நெஞ்சு வலிக்கிறதா?’ என்பது உடன்வருபவர் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்றே தவிர, அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது. இந்த மனிதருக்கு இது வழக்கமானதா என்பதே அதைவிடப் பயனுள்ள கேள்வி. அதற்கு விடை சொல்லும் தகுதி, அவரை நாள்தோறும் பார்த்துவரும் மகளுக்கோ கணவருக்கோ உண்டு, முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்கு இல்லை. படியேறியதால் வந்த மூச்சிரைப்பு, இருக்கையில் அமர்ந்து சில நிமிடங்களில் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் படியின் மீது பழிபோட முடியாது. நடைமேடையில் வியர்ப்பது இயல்பு, குளிரூட்டிய பெட்டியில் போர்வைக்குள் நெற்றி சில்லிட்டு வியர்ப்பது இயல்பன்று. நடந்தால் வந்து நின்றால் விடும் தாடை வலியைப் பல்வலி என்று கருதுவதற்கில்லை. ஓயாமல் பேசிவருபவர் திடீரென மௌனமாகி முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பதும் ஓர் அறிகுறியே. நோயாளியின் மறுப்பை, அதிலும் பிள்ளைகளின் பயணம் தன்னால் கெட்டுவிடக் கூடாதென்று ‘ஒண்ணுமில்லப்பா, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்’ என்று சொல்லும் தாயின் மறுப்பை, மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்வது அன்பின் பெயரால் நிகழும் பிழை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் இறுதிப் பயணம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 2015 ஜூலை 27 அன்று, 83 வயதில், விமானத்தில் குவாஹாட்டிக்கும் அங்கிருந்து காரில் ஷில்லாங்குக்கும் சென்ற அவர், இந்திய மேலாண்மைக் கழக அரங்கின் படிகளில் ஏறும்போது சற்றே அசௌகரியம் உணர்ந்து, இளைப்பாறிய பின் அரங்கினுள் சென்றதாகவும், உரையைத் தொடங்கிய சில நிமிடங்களில் சரிந்து விழுந்ததாகவும் செய்திகள் கூறின. காரணமாகச் சொல்லப்பட்டது திடீர் இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தின் மின்னோட்டம் குலைந்து துடிப்பே நின்றுபோதல். மாரடைப்பு அதற்கு வழிவகுக்கலாம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. படிக்கட்டில் உணரப்பட்ட அசௌகரியம் எதைக் குறித்தது என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. நெடும்பயணத்துக்குப் பின் படியேறிய 83 வயதினர் சற்று இளைப்பாறுவதைக் கண்டால் களைப்பு என்று எண்ணாதவர் எவரும் இருந்திருக்க முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஐயம் எழுந்தபின் எங்கே இறங்குவது என்பது முழுக்க ஊரின் அமைப்பைப் பொறுத்தது. தெற்கே செல்லும் விரைவு வண்டி தாம்பரத்தை விட்டுச் செங்கல்பட்டை அடைய ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். அங்கே ஊருக்குள்ளேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டினால், சில வண்டிகள் மேல்மருவத்தூரிலும் திண்டிவனத்திலும் நின்றாலும், பலவற்றுக்கு அடுத்த பெரிய நிறுத்தம் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விழுப்புரம்தான். அங்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்கு வெளியே முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. தாம்பரத்தில் தோன்றிய ஐயத்தைச் செங்கல்பட்டுக்குள் தீர்த்துக்கொள்ளாதவர், ஒரு மணி நேரத்துக்கும் மேலான காத்திருப்பைத் தம்மையறியாமல் தேர்ந்தெடுத்தவர் ஆகிறார். வயல்வெளியில் சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்துவதால் பயனில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் சொல்லி, ரயில்வேயின் 139 எண்ணை அழைத்து, வரவிருக்கும் நிலையத்தில் ஆம்புலன்ஸ் காத்திருக்கச் செய்வதே அறிவுடைமை. பண்டிகைக்கால ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் பரனூர் சுங்கச்சாவடிக்கும் இடையே சொந்தக் காரில் சிக்கிக்கொண்டவர்களுக்கும் 108 வண்டியை அழைப்பதே மேல். நோயாளி தாமே காரை ஓட்டிச்செல்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

எந்த மருத்துவமனை என்பதும் பொருட்படுத்த வேண்டிய கேள்வியே. பெயரில் நெஞ்சு இருப்பதால் தாம்பரம் சானடோரியத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையை நினைப்பவர்கள் உண்டு. 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய அந்நிறுவனம் முதன்மையாகக் காசநோய்க்கும் நுரையீரல் நோய்களுக்கும் உரியது. தேவைப்படுவது, உடனே இ.சி.ஜி. எடுத்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடவோ, குழாய்வழியே அடைப்பை நீக்கவோ வசதியுள்ள இடம். முதல் இ.சி.ஜி. இயல்பாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்றாகிவிடாது; அதைத் திரும்ப எடுப்பதும், பழுதான இதயத் தசையிலிருந்து இரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதத்தைச் சில மணி நேர இடைவெளியில் அளப்பதும் வழக்கமான நடைமுறை என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவு நோயோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அளவில் ஆஸ்பிரினை மென்று விழுங்கத் தருமாறு 108 பணியாளர் சொல்லக்கூடும். பக்கத்து இருக்கைக்காரர் பரிவோடு நீட்டும் சார்பிட்ரேட் மாத்திரை அப்படிப்பட்டதன்று. மருத்துவர் பரிந்துரைக்காதவருக்கு அது இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடலாம்.

அரசு இத்துறையில் கைகட்டி நிற்கவில்லை. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, ஊசியை முதலில் போட்டுவிட்டு அடுத்த நாளுக்குள் ஆஞ்சியோகிராம் செய்யும் முறையைத் தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2ஆகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேடின் ஆகியவை சேர்ந்த 14 மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையம் வரை கொண்டுசென்றது. விபத்தில் சிக்கியவருக்கான ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் இதே ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. முன்னது ஊரில் இருப்பவரை மனத்தில் கொண்டது, பின்னது சாலையில் அடிபட்டவரை. அடிபடாமல், இருக்கையில் சாய்ந்தபடி வியர்த்துக்கொண்டிருக்கும் பயணி இரண்டுக்கும் இடையில் நழுவுகிறார். தாம்பரம் சந்திப்பிலும் கிளாம்பாக்கம் முனையத்திலும் நாள் முழுவதும் இ.சி.ஜி. எடுத்து, அதை இதய மருத்துவருக்கு அனுப்பி, அந்த 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு, மேற்சொன்ன முயற்சிகளின் நேரடி நீட்சியே ஆகும். அரசு விரைவுப் பேருந்தின் ஓட்டுநருக்கு வழியிலுள்ள சுங்கச்சாவடிகளும் உணவகங்களும் மனப்பாடமாக இருக்கின்றன. நள்ளிரவிலும் கட்டிகரைப்பு ஊசி போடும் மருத்துவமனைகள் எவை, எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும் என்ற பட்டியலைக் கிளாம்பாக்கம் முதல் விழுப்புரம் வரைக்குமாவது அச்சிட்டு அவர் இருக்கைக்கு அருகில் ஒட்டுவதை, போக்குவரத்துத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் அடுத்த பொங்கல் கூட்டத்துக்கு முன்பே செய்துவிட முடியும்.