பழங்குடியினர் வழக்கை விசாரிக்க டிஎஸ்பி பதவி மட்டும் போதுமா?

அச்சன்புதூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலை. தென்காசி மாவட்ட மலையடிவாரத்தில் பளியர் பழங்குடியினர் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே ஒரு இளைஞரை யாரோ சாதியைச் சொல்லித் திட்டி அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புகாரை வாங்கி உள்ளூர் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடலாம். அதற்கு முன்பு ஆரம்பகட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 சட்டத் திருத்தம் சொல்கிறது. சரி, அந்த கேஸை யார் விசாரிப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதற்கான விதிகள் 1995-ல் வந்தன. விதி 7-ன்படி, விசாரணை அதிகாரி டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். இதோடு விதி முடிந்துவிடவில்லை. அவரை நியமிக்கும்போது முன் அனுபவம், திறமை, நீதி உணர்வு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. விசாரணையை முடித்து 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும்.

இதை மீறினால் என்ன ஆகும்? மத்தியப் பிரதேச கொலை வழக்கு ஒன்றில், டிஎஸ்பிக்குக் கீழே உள்ளவர் விசாரித்திருந்தார். 2020-ல் உச்ச நீதிமன்றம், கொலைக் குற்றச்சாட்டு நிற்கும், வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் மட்டும் நிற்காது என்றது. விசாரித்தவரின் பதவி சரியில்லை என்பதால், பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பே போய்விட்டது.

டிஎஸ்பி ஆவது எப்படி?

மூன்று வழிகள். முதலாவது, டிஎன்பிஎஸ்சி குரூப் 1. ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதன்பின் முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு. டிஎஸ்பி பணிக்கு உயரம் போன்ற உடல் தகுதியும் பார்ப்பார்கள். இரண்டாவது, சீருடைப் பணியாளர் தேர்வாணையம் மூலம் எஸ்ஐ ஆகி, இன்ஸ்பெக்டராகி, பல ஆண்டுகள் கழித்து பதவி உயர்வில் வருவது. மூன்றாவது, யுபிஎஸ்சி எழுதி ஐபிஎஸ் ஆவது. ஐபிஎஸ் அதிகாரியின் முதல் பொறுப்பான ஏஎஸ்பியும் டிஎஸ்பிக்கு நிகரான அந்தஸ்துதான்.

ஆனா, இந்த மூன்று வழியிலும் மலைக்குடியிருப்பில் போய் வாக்குமூலம் வாங்கத் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. விதி கேட்கும் 'நீதி உணர்வு' எந்தத் தேர்வின் பாடத்திட்டத்திலும் இல்லை. நடைமுறையில் ஒரு உட்கோட்டத்தின் டிஎஸ்பி என்பதே தகுதியாகிவிடுகிறது. குற்றால சீசன் கூட்டம், கோயில் திருவிழா, தேர்தல் பந்தோபஸ்து எல்லாம் பார்க்கும் அதே அதிகாரிதான் 60 நாளில் இந்த கேஸையும் முடிக்க வேண்டும்.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனமரச் சோதனை என்ற பெயரில் பழங்குடி மக்கள் தாக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 1995-ல்தான் சிபிஐ விசாரணை வந்தது. தீர்ப்பு 2011-ல். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஊரில் அன்று டிஎஸ்பிக்கள் இல்லாமல் இல்லை. மக்கள் நம்பக்கூடிய விசாரணைதான் இல்லை.

வேறு நாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பூர்வகுடிகளின் நிலப்பகுதிகளில் நடக்கும் குற்றங்களை விசாரிக்க, மத்திய அரசின் இந்தியர் விவகாரத் துறையில் தனிப் புலனாய்வாளர்கள் உண்டு. மேற்பார்வைப் புலனாய்வாளர் ஆக, முந்தைய நிலையில் விசாரணை செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அந்தத் துறையின் வேலைகளில் பூர்வகுடியினருக்கு முன்னுரிமை தர 1934-ம் ஆண்டுச் சட்டமே வழி செய்கிறது. அங்கேயும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அனுபவம் என்பது அங்கே பேச்சளவில் நிற்கவில்லை, நியமன நிபந்தனையாகவே இருக்கிறது.

இங்கே தமிழ்நாட்டில் எஸ்டி இடஒதுக்கீடு 1%. குரூப் 1-ல் டிஎஸ்பிக்கு அறிவிக்கப்படும் இடங்களில் அது சில நேரம் ஒரு இடம்கூட ஆகாது.

என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் தேவையில்லை. விதி 7-ல் உள்ளதை அப்படியே செய்தாலே போதும். நியமன உத்தரவில், இந்த அதிகாரியை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று எழுத வேண்டும். பந்தோபஸ்து சுமை இல்லாத டிஎஸ்பியிடம் இந்த வழக்குகளைக் கொடுக்க வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பி, அங்கே சில வாரம் வேலை பார்க்க வைக்க வேண்டும்.

குரூப் 1-க்குப் படித்துக்கொண்டிருக்கும் தென்காசிப் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. தேர்வில் ஜெயித்தால் தோளில் நட்சத்திரம் வரும். மலையடிவாரத்தில் இருந்து ஒருவர் பயமில்லாமல் வந்து நடந்ததைச் சொல்லும் நாளில்தான் அந்தப் பதவிக்கான தகுதி வரும்.