டிரஸரைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்

கூடுதல் கட்டணம் செலுத்துவோர் அரசு மருத்துவமனையில் விரைவாக நிபுணரைப் பார்க்க 'ராக்கான் கேகேஎம்' திட்டம் வந்திருக்கிறது. முதல் இடம் சைபர்ஜெயா. வசதி உள்ளவர்களுக்காக இவ்வளவு யோசித்த சுகாதார அமைச்சு, ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் செம்பனைக்கு நடுவே வாழும் குடும்பங்களுக்கு என்ன வைத்திருக்கிறது?

இதயத்துடிப்பு நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பத்து நிமிடம் போனால் கணக்கே முடிந்துவிடும். இவ்விடங்கள் அடங்கிய கோல சிலாங்கூர் மாவட்டத்தின் அரசு மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. அங்கிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பி, தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் நுழைந்து, எந்த லயம் என்று விசாரித்து வந்து சேர்வதற்குள் எத்தனை பத்து நிமிடங்கள்? பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். இதற்கு வேறு வழியே கிடையாது.

ஒரு காலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். தோட்டத்தில் மருத்துவமனை கட்டும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்த 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இடம் கொடுத்தது. மருத்துவர் எப்போதாவது வந்து போவார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும், பால்மரக் கத்தி கிழித்த கையைத் தைத்ததும், நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்ததும் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரஸர்தான். அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நிலம் வீடமைப்புக்குப் போனது, டிரஸரும் போய்விட்டார். காலனி அரசு கூலிகளுக்குக் கொடுத்ததைச் சுதந்திர நாடு குடிமக்களுக்குக் கொடுக்கவில்லை. இது வெட்கக்கேடு.

டிரஸரின் இன்றைய வாரிசு மருத்துவ உதவி அதிகாரி. மூன்றாண்டு டிப்ளோமா, 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு, அவசரப் பிரிவிலும் ஆம்புலன்ஸிலும் அனுபவம். இவர்களைத் தோட்டங்களில் நியமித்து, நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளை ஒப்படைக்கலாம்; வகுத்த பட்டியலுக்குள் மருந்து எழுதும் உரிமையையும் கொடுக்கலாம். பிரிட்டனில் உயர்பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளுக்கு 2018இலேயே அந்த உரிமை கிடைத்துவிட்டது.

தரம் குறையும் என்று மருத்துவர் சங்கத்தார் சொல்வார்கள். 2010இல் மருத்துவ உதவியாளர்களை வைத்து ஒரு வெள்ளிக் கட்டணத்தில் கிளினிக் 1மலேசியா தொடங்கியபோதும் இதையேதான் சொன்னார்கள். மக்கள் அதைப் பொருட்படுத்தாமல் வரிசையில் நின்றார்கள். தோட்டத்துக்கு வர மனமில்லாதவர்கள், வரத் தயாராக இருப்பவரைத் தடுக்க என்ன உரிமை வைத்திருக்கிறார்கள்? இவர்கள் காப்பது நோயாளியை அல்ல, தங்கள் தொழில் எல்லையை.

2023 டிசம்பரில் மீண்டும் சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்ற டத்தோஸ்ரீ ஜுல்கிஃப்ளி அகமட், கோல சிலாங்கூரின் நாடாளுமன்ற உறுப்பினர். இந்தப் பாதைகளில் ஓட்டுக் கேட்டு வந்தவர். சைபர்ஜெயா காத்திருக்கலாம். முதல் நியமன ஆணையை அவர் தம் தொகுதித் தோட்டங்களுக்கு அனுப்பட்டும்.